எல்லா வடையிலும் வெங்காயம் இல்லை: அட்டெம்ப்டோவோடு மூன்று மாதம்

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை மதியம், 60 மசால் வடையோடு ஓர் அம்மா கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அக்கா கடைக்குத் திரும்பி வந்தார். காலையில் அவரே வாங்கிப்போன வடைதான். பெருமாளுக்குப் படைக்க வேண்டியது. பொட்டலத்தைப் பிரித்ததுமே மாமியாருக்கு வெங்காய வாசனை தெரிந்துவிட்டதாம். அந்த அம்மா சத்தம் போடவில்லை. கைப்பேசியை எடுத்து எங்கள் கடையின் அகப்பக்கத்தைக் காட்டினார். அதில் இப்படி ஒரு வரி இருந்தது: "எல்லா வடையிலும் வெங்காயம் இல்லை."

"நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

எழுதியவன் நான். அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். அக்கா நினைத்தது, எல்லாவற்றிலும் போடுவதில்லை, சிலதில்தான் போடுவோம், கேட்டு வாங்குங்கள் என்று. அந்த அம்மா படித்தது, ஒரு வடையிலும் வெங்காயம் கிடையாது என்று. தமிழ்ப்படி இரண்டும் சரிதான். 90 வெள்ளியை (ரிங்கிட்டைத்தான் சொல்கிறேன்) திருப்பிக் கொடுத்துவிட்டு, அக்கா அந்த வெயிலில் மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்து, வெங்காயம் போடாமல் உளுந்து வடை சுட்டுக் கொடுத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், ஆனால் அது போதும்.

மனிதர் படித்தாலும் இயந்திரம் படித்தாலும் ஒரே பொருள் தரும்படி பக்கத்தை எழுத வழி உண்டா? அன்று இரவு ஆரம்பித்தது இந்த ஆராய்ச்சி. அட்டெம்ப்டோ என்ற கட்டுப்படுத்திய ஆங்கிலத்தையும் அதற்கான கருவிகளையும் மூன்று மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு இந்த விமர்சனத்தை எழுதுகிறேன்.

கட்டுப்படுத்திய மொழி என்றால், குழப்பம் வராமல் இருக்கச் சொற்களுக்கும் வாக்கிய அமைப்புக்கும் கண்டிப்பான விதி போட்ட மொழி. அது எனக்குப் புதிதல்ல. சுபாங்கில் விமானப் பராமரிப்பு ஹேங்கரில் 27 ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். விமானக் கையேடுகளை 'எளிமைப்படுத்திய தொழில்நுட்ப ஆங்கிலம்' என்று ஒன்றில் எழுதுவார்கள். 1980களில் ஐரோப்பிய விமானத் தொழில்துறை உண்டாக்கியது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். 'ஆயில்' என்பது பெயர்ச்சொல் மட்டும், 'பேரிங்கை ஆயில் பண்ணு' என்று எழுதக்கூடாது. 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது மட்டும், விதிகளை ஃபாலோ பண்ணச் சொல்ல முடியாது. செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக்கூடாது, விளக்க வாக்கியம் 25. அதிகாலை மூன்று மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் படிக்கிறவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் அந்த வாக்கியத்தை ஒரே மாதிரிதான் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். அந்தக் கண்டிப்பில் 27 ஆண்டு வாழ்ந்தவன், வடைக்கு ஒரு வரி ஒழுங்காக எழுதவில்லை பாருங்கள்.

ஆனால் அது மனிதருக்காக எழுதிய மொழி. அட்டெம்ப்டோ இயந்திரத்துக்கும் சேர்த்து எழுதியது. சூரிச் பல்கலைக்கழகத்தில் நோர்பர்ட் ஃபூக்ஸ் என்பவரின் குழு 1995 முதல் வளர்த்துவந்தது. சுருக்கமாக ஏஸ் என்பார்கள். பார்த்தால் சாதாரண ஆங்கிலம் மாதிரிதான் இருக்கும். ஆனால் 'ஏப்' என்ற பாகுபடுத்தி ஒவ்வொரு வாக்கியத்தையும் தர்க்கச் சூத்திரமாக மாற்றிவிடும். வாக்கியம் விதிக்குள் அடங்கினால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான், அடங்காவிட்டால் பிழை என்று சொல்லிவிடும். ப்ரோலாக் என்ற நிரல்மொழியில் எழுதியது, திறந்த மூலம், காசு கிடையாது. வலைக்கான அறிவுக் குறிப்புகளை எழுத 2004-இல் தரமாக்கப்பட்ட ஓ.டபிள்யூ.எல் வடிவத்திலும் விடையைத் தரும். இயந்திரம் படிக்கக்கூடிய பக்கம் என்று நான் தேடிப்போனது இதைத்தான்.

முதல் நாள் அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். 'வடை' என்ற சொல் அதற்குத் தெரியாது, நியாயம்தான். தெரியாத பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'என்' என்ற எழுத்தும் முக்காற்புள்ளியும் போட்டால் ஏற்றுக்கொள்ளும். அடுத்த சிக்கல் ஆங்கிலத்தின் 'எ', 'அன்', 'எவ்ரி', 'நோ' என்ற குட்டிச் சொற்கள். எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் எதையும் அவை இல்லாமல் மொட்டையாக விடக்கூடாது. நான் 'கண்டெய்ன்ஸ் அன் ஆனியன்' என்று தட்டியதும், பள்ளிக்கூட ஆங்கிலம் மறக்காத அக்கா கேட்டார்: "அன் ஆனியனா? முழு வெங்காயத்தையா வடைக்குள்ள வைப்பாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 'எவ்ரி வடை டஸ் நாட் கண்டெய்ன் அன் ஆனியன்' என்று எழுதினேன். எங்கள் தமிழ் வரியின் நேரடி ஆங்கிலம். சாதாரண ஆங்கிலத்திலும் 'ஆல்', 'நாட்' இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் இதே வழுக்கல் உண்டு. ஏஸின் விதி எளிது: வாக்கியத்தில் எது முதலில் வருகிறதோ அது வெளியே நிற்கும், பின்னால் வருவது அதற்குள் அடங்கும். 'எவ்ரி' முதலில் வந்ததால், ஒவ்வொரு வடையையும் எடுத்துப் பார், அதில் வெங்காயம் கிடையாது என்று பொருள். அந்த அம்மா படித்த அதே பொருள். அக்கா நினைத்ததைச் சொல்ல வேண்டுமானால், 'எல்லா வடையிலும் வெங்காயம் உண்டு என்பது பொய்' என்று தலையிலேயே மறுப்பை வைத்து எழுத வேண்டும். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "நம்ம பக்கத்துல பொய்னு ஒரு வார்த்தை எதுக்கு?"

சரி, பொய் வேண்டாம் என்று மூன்று வாக்கியமாகப் பிரித்தேன். ஒன்று, எந்த வடையிலும் வெங்காயம் இல்லை. இரண்டு, ஒவ்வொரு மசால் வடையும் ஒரு வடை. மூன்று, ஒவ்வொரு மசால் வடையிலும் வெங்காயம் உண்டு. முதலும் மூன்றும் முட்டிக்கொள்கின்றன அல்லவா? வேண்டுமென்றேதான் எழுதினேன். மாட்டிக்கொள்கிறதா பார்க்கலாம் என்று, ஏஸுக்காகவே செய்த 'ரேஸ்' என்ற அனுமானக் கருவியில் போட்டேன். முரண்பாடு இல்லை என்றது.

ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகு புரிந்தது. தர்க்கப்படி அங்கே முரண்பாடே கிடையாது. வடையில் வெங்காயம் இல்லை, மசால் வடை ஒரு வடை, மசால் வடையில் வெங்காயம் உண்டு. மூன்றும் ஒருசேர உண்மையாக இருக்க ஒரு வழி இருக்கிறது: உலகத்தில் மசால் வடை என்று ஒன்றுமே இருக்கக் கூடாது. இல்லாத பொருளைப் பற்றி என்ன சொன்னாலும் உண்மைதான். அக்காவிடம் இதை விளக்கினேன்.

"காலையிலேர்ந்து எண்பது சுட்டிருக்கேன். இல்லையாமா?"

நான்காவதாக, 'ஒரு மசால் வடை இருக்கிறது' என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். உடனே முரண்பாடு என்றது, எந்த வாக்கியங்கள் மோதுகின்றன என்றும் எடுத்துக் காட்டியது. கருவியின் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான். நாம் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்ளும். நம் முகத்தைப் பார்த்துக் கூடுதலாக ஒன்றும் ஊகிக்காது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. உளுந்து வடையில் வெங்காயம் உண்டா என்று கேட்டேன். அதைப் பற்றி நாங்கள் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. உண்டு என்றும் நிறுவ முடியவில்லை, இல்லை என்றும் நிறுவ முடியவில்லை. பேருந்து அட்டவணையில் ஐந்து மணிக்குப் பேருந்து போடவில்லை என்றால், ஐந்து மணிக்குப் பேருந்து இல்லை என்றுதான் நாம் எடுத்துக்கொள்வோம். இந்த உலகத்தில் அப்படிக் கிடையாது. சொல்லாதது தெரியாதது, அவ்வளவுதான். திங்கட்கிழமை கடை இல்லை என்றால் அதையும் வாய் திறந்து சொல்ல வேண்டும். எனக்கு இது தொல்லையாகப்பட்டது. அக்காவுக்குப் பிடித்துவிட்டது. "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுது. நம்ம கடைப் பையனைவிட மேல்."

எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. நாம் எழுதியதை ஏப் தான் புரிந்துகொண்டபடி ஏஸிலேயே திருப்பிச் சொல்லும். மாமாக் கடையில், அதாவது இங்குள்ள தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ஆர்டர் எடுப்பவர் "தே ஓ கோசோங் ஒண்ணு, கோப்பி சி பெங் ரெண்டு" என்று திருப்பிச் சொல்லிவிட்டு உள்ளே போவாரே, அது போல. நினைத்துப் பார்த்தால் நம் ஊர்க்காரர்கள் தினமும் கட்டுப்படுத்திய மொழி பேசுகிறவர்கள்தான். தே என்றால் கெட்டிப்பாலோடு தேநீர். கோப்பி என்றால் காப்பி, சி சேர்த்தால் கெட்டிப்பாலுக்குப் பதில் ஆவிப்பால். தே ஓ என்றால் பால் இல்லை, சீனி உண்டு. கோசோங் சேர்த்தால் சீனியும் இல்லை. பெங் என்றால் ஐஸ். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரே வேலை. தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆர்டர் கொடுத்தாலும் தே ஓ கோசோங் கேட்டவருக்குப் பால் வராது. கோசோங் என்ற சொல் எங்கே உட்கார வேண்டும் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. எங்கள் வடை வரியில் 'இல்லை'க்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

விலைப்பட்டியல் எழுதும்போது இன்னொன்று தெரிந்தது. பன்மையை ஏஸ் கூட்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். பத்து லட்டின் விலை 15 வெள்ளி என்றால் பத்தும் சேர்ந்து 15. தனித்தனியாக என்றால் 'ஈச் ஆஃப்' போட்டே ஆக வேண்டும். 'வித்' என்ற சொல்லுக்கும் ஒரு விதி: எப்போதும் வினையோடுதான் ஒட்டும். 'சர்வ்ஸ் எ வடை வித் எ சட்னி' என்றால் பரிமாறுதல்தான் சட்னியோடு நடக்கிறது, வடையோடு சட்னிக்கு உறவில்லை. வடையோடு சேர்க்க வேண்டுமானால் 'தட்' போட்டுத் தனி வாக்கியமாக இழுக்க வேண்டும். இதையெல்லாம் யோசிக்காமலே இத்தனை நாள் எழுதியிருக்கிறோம்.

குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை, இறந்தகாலமே இல்லை. எதிர்காலமும் இல்லை. அப்பா தள்ளுவண்டியில் தொடங்கிய கடை இது என்ற ஒரு வரிக்கு அங்கே இடமில்லை. அந்த வரி இல்லாவிட்டால் எங்கள் அகப்பக்கத்தை அக்கா சீண்டக்கூட மாட்டார்.

இரண்டாவது குறை பெரியது. படிப்பது சுலபம், எழுதுவது கடினம். ஆங்கிலம் மாதிரியே இருப்பதால் ஆங்கிலம் தெரிந்தவன் எழுதிவிடலாம் என்று தோன்றும். எழுதினால் பிழை. நிரல்மொழி என்றால் ஆரம்பத்திலேயே பயந்து ஒழுங்காகப் படித்திருப்பேன். இதற்கு டோபியாஸ் கூன் என்பவர் உருவாக்கிய 'ஏஸ்விக்கி' ஒரு மருந்து. அடுத்து வரக்கூடிய சொற்களை மட்டும் காட்டும், அதிலிருந்து ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து வாக்கியத்தைக் கோக்க வேண்டியதுதான், விதிக்கு வெளியே போகவே முடியாது. அக்கா அதில் பத்து நிமிடத்தில் நான்கு வாக்கியம் போட்டார். அதே கூன் சோதனை வைத்து, குறியீட்டு வடிவத்தைவிட ஏஸ் வாக்கியங்களை மக்கள் நன்றாகவும் வேகமாகவும் புரிந்துகொள்கிறார்கள் என்று காட்டியிருக்கிறார். அதை நம்புகிறேன். அக்காவே சாட்சி.

மூன்றாவது குறை கருவியின் குறை அல்ல, வலையின் குறை. இவ்வளவு அழகாக ஓ.டபிள்யூ.எல் ஆக்கிவைத்தாலும், தேடுபொறிகள் ஒரு கடைப் பக்கத்தில் தேடுவது அதை அல்ல. பக்கத்தில் உள்ளதை இயந்திரத்துக்குச் சொல்ல 2011-இல் கூகுள், பிங், யாஹூ சேர்ந்து தொடங்கிய ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுப் பட்டியலின் சொற்களைத்தான். ஜேசன்-எல்டி என்ற தரவு வடிவில் கடை பெயர், நேரம், விலை, சமையல் வகை எல்லாம் எழுதலாம். நானும் எழுதிவிட்டேன், ஒரு பிற்பகல் வேலை. ஆனால் அதில் 'இல்லை' என்று சொல்லப் பொதுவான வழி கிடையாது. உண்டு, உண்டு, உண்டு என்றே அடுக்கிக்கொண்டு போகலாம். புரட்டாசி வாடிக்கையாளருக்குத் தேவையான ஒரே செய்தி 'இல்லை'.

உணவுக் கட்டுப்பாட்டுக்கு ஒரு பட்டியல் உண்டு: சைவம், வீகன், ஹலால், கோஷர், உப்புக் குறைவு என்று. 'இந்து உணவு' என்றும் ஒன்று இருக்கிறதே என்று ஆசையாகத் திறந்து பார்த்தேன். விளக்கத்தில் முக்கியமாக மாட்டிறைச்சி இல்லாதது என்று போட்டிருந்தது. அக்காவிடம் படித்துக் காட்டினேன். "அப்போ கோழிக்கறியோட படையல் போடலாமா?" என்று சிரித்தார். வெங்காயம் பூண்டு இல்லாத சமையலுக்கு அங்கே சொல்லே இல்லை.

"மாமா, எதுக்கு இந்தப் பாடு? இப்ப ஏஐ எல்லாம் தானா படிச்சுக்கும்" என்றான் அக்கா மகன். சரி என்று அவன் கைப்பேசியிலேயே பழைய வரியைக் கொடுத்து, மசால் வடையில் வெங்காயம் உண்டா என்று கேட்கச் சொன்னேன். இல்லை என்றது, மிகவும் பணிவாக. அதைக் குற்றம் சொல்ல மாட்டேன், அந்த அம்மாவும் அப்படித்தானே படித்தார். இரண்டு பொருள் உள்ள வரியை யார் படித்தாலும் ஒன்றைத்தான் எடுப்பார்கள். நான் எழுதும்போதே ஒன்றாக்கியிருக்க வேண்டும். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் பசியாறப் போய்விட்டான்.

கடைசியில் ஏஸ் வாக்கியங்களை நாங்கள் பக்கத்தில் போடவில்லை. எங்கள் வாடிக்கையாளர் தமிழில்தான் படிக்கிறார்கள். ஆங்கிலத்தை அடித்தளமாகக் கொண்ட கட்டுப்படுத்திய மொழிகளை மட்டும் எண்ணி, கூன் 2014-இல் எழுதிய ஆய்வில் நூறு இருந்தன. நூறு! பொறாமையாக இருந்தது. பழைய பழக்கத்தில், எங்கள் கடைக்கு மட்டும் ஒரு குட்டித் தமிழ்க் கையேடு எழுதிக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டினேன். ஏஸிடம் அடி வாங்காமல் இருந்தால் இது எனக்குத் தோன்றியிருக்காது.

அதில் முதல் விதி 'வெள்ளி' பற்றியது. நம் நாட்டில் ரிங்கிட்டும் வெள்ளி, கிழமையும் வெள்ளி. பழைய பக்கத்தில் 'வெள்ளி 12 சிறப்புச் சாப்பாடு' என்று இருந்தது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கா, பன்னிரண்டு ரிங்கிட்டா? இனி காசுக்கு ரிங்கிட், நாளுக்கு வெள்ளிக்கிழமை. பேசும்போது எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், நானும் இங்கே அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பலகையில் கூடாது.

பன்மைச் சிக்கலில் தமிழ் ஆங்கிலத்தை வென்றுவிட்டது. 'ஆளுக்கு இரண்டிரண்டு வடை' என்றால் முடிந்தது, ஈச் ஆஃப் தேவையில்லை. எண்ணை இரட்டித்தாலே பங்கீடு வந்துவிடுகிறது. 'வித்' தொல்லையும் பெரிதாக இல்லை, சட்னியோடு தரும் வடை, சட்னி உள்ள வடை என்று பிரித்துச் சொல்லப் பெயரெச்சம் இருக்கிறது. ஆனால் தொகை மோசம். இரண்டு சொல் உருபில்லாமல் ஒட்டிக்கொண்டால் இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கும் என்று நன்னூலே எச்சரிக்கிறது. 'வெங்காயச் சட்னி வடை' என்று அக்கா புதிதாக ஒன்றைப் போட்டபோது எனக்கு அந்தச் சூத்திரம்தான் ஞாபகம் வந்தது. வெங்காயம் எதில்? சட்னியிலா, வடையிலா?

முக்கியமான விதிக்குச் சிவப்பு மை: 'எல்லா' வந்த வாக்கியத்தில் 'இல்லை' வரக்கூடாது. ஒன்றுமே இல்லை என்றால் 'எந்த வடையிலும்' என்று எழுது. சிலதில் உண்டு என்றால் எதெதில் என்று பெயர் சொல்லி எழுது. இப்போது பக்கத்தில் இருப்பது: "மசால் வடையில் வெங்காயம் உண்டு. கீரை வடையில் வெங்காயம் உண்டு. உளுந்து வடையில் வெங்காயம் இல்லை. தயிர் வடையில் வெங்காயம் இல்லை." கவிதையாக இல்லை என்று அக்கா மகன் சொல்கிறான். ஹேங்கரில் எவனும் கவிதை கேட்டதில்லை.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? கடை நடத்துகிறவர்கள் ஸ்கீமா.ஆர்க் எழுதிக்கொள்ளுங்கள், அது போதும், அட்டெம்ப்டோ பக்கம் போகத் தேவையில்லை. விதிகள், நிபந்தனைகள், விதிவிலக்குகள் என்று எழுதிப் பிழைக்கிறவர்கள், அதாவது சங்கச் செயலாளர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள், காப்பீட்டு முகவர்கள், ஒரு வாரம் அதில் உட்காருங்கள். உங்கள் விதிமுறையில் ஒரு பக்கத்தை ஏஸில் எழுதிப் பாருங்கள். எத்தனை மசால் வடை இல்லாமல் போகிறது என்று தெரியும்.

நேற்று இரவு கடை அடைத்த பிறகு அக்கா போன் செய்தார். பூண்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று அவராகவே கேட்டார். சொல்லுங்கள், எழுதுகிறேன் என்று பேனாவை எடுத்தேன்.

"எழுதிக்கோ தம்பி. எல்லாச் சட்னியிலும் பூண்டு..."

"அக்கா!"

"சரி சரி. தேங்காய்ச் சட்னியில பூண்டு இல்லை. தக்காளிச் சட்னியில உண்டு. புதினாச் சட்னி, இரு, அதைச் சின்னவன்தான் அரைச்சான். காலையில கேட்டுட்டுச் சொல்றேன்."